மேய்ச்சல் தரையும் மாட்டுப் பட்டியும்

மாடு காட்டை அழிக்கிறது என்பர் ஒரு சாரார். மாடு மேய்ந்தால்தான் தரை செழிக்கும் என்பர் பட்டிக்காரர். இரண்டிலும் உண்மை உண்டு. எது எப்போது உண்மையாகிறது என்பதை மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதியை வைத்து நோக்குவோம்.

பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் படுவான்கரையில் மாடுகளுக்கு இடமில்லை. ஆரம்பக் கூட்டத்தில் குறிக்கப்படும் திகதிக்குள் அவற்றை வயற்புறத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். மாரி வெள்ளமும் பள்ள நிலங்களை மூடிவிடும். எனவே பட்டிகள் மேற்கே, காட்டோர மேட்டுப் புல்வெளிகளுக்குச் செல்கின்றன. அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து வயலில் எஞ்சிய தாளை மேய்கின்றன; எருவும் வயலுக்குச் சேர்கிறது. இது வெறும் பழைய பழக்கமன்று. மாடு போய்வரும் இடைக்காலத்தில்தான் புல் ஓய்வு பெறுகிறது.

அந்த ஓய்வு ஏன் வேண்டும்? கடிபட்ட புல், வேரிலும் அடித்தண்டிலும் சேமித்த உணவைக் கொண்டே மறுபடி தளிர்க்கிறது. தளிர்த்த இலை சில வாரம் வெயில் கண்டால் அந்தச் சேமிப்பு நிரம்பும். அதற்குள் மீண்டும் மீண்டும் கடித்தால் வேர் குறுகும், புல் மெலியும், வெறுந்தரை தெரியும். குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். மாடு தொடாத நாயுண்ணி போன்ற பற்றைகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்றை மூடிய தரையில் மானுக்கும் யானைக்கும்கூடப் புல் குறைவு. கோடையில் புதுத்தளிருக்காகக் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கமும் கெடுதலானதே. தீ புல்வெளியோடு நிற்பதில்லை, காட்டின் இளங்கன்றுகளையும் கொன்றுவிடுகிறது. இதைப் பட்டிக்காரரிடமும் நாம் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வளர்ந்த மாடொன்று நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு பச்சைப்புல் தின்னும். 250 கிலோ எடையுள்ள நாட்டு மாட்டுக்கு இது சுமார் 25 கிலோ. இனி, மாட்டின் தொகை குறையாமல் தரை மட்டும் சுருங்கினால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மயிலத்தமடு, மாதவனையில் நடப்பது இதுவே. மகாவலி அதிகார சபையின் கீழுள்ள இந்நிலத்தில், 2009இல் யுத்தம் முடிந்தபின் வெளிமாவட்டத்தவர் அத்துமீறிப் பயிர் செய்வதாகவும், தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சாவதாகவும் பண்ணையாளர் முறையிட்டு வந்தனர். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அவர்கள் தொடங்கிய கவனயீர்ப்புப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. இதை நிலத்தகராறாக மட்டுமே பலரும் பார்க்கின்றனர். எஞ்சிய சிறு தரையில் எல்லாப் பட்டிகளும் நெருங்குவதால் புல்லும் கெடுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பால் குறையும்போது கடன் ஏறுகிறது. மாட்டை விற்றவர் கூலிக்குப் போகிறார்.

தரை உறுதியாகும்வரை செய்யக்கூடியது சிறிதுதான். பட்டிக்காரர் சேர்ந்து பேசி, தரையின் ஒரு பகுதியை முறைவைத்து ஓய்வுக்கு விடலாம். கறவை மாடுகளுக்கு யூரியா வைக்கோல் உதவும்: 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் படை படையாகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, பத்து நாள் கழித்துத் திறந்து, வாடை போக ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசல் இருக்கும் வாளியை மாடு வாய்வைக்கும் இடத்தில் விடவும் கூடாது.