லேபிளைப் படித்துவிட்டுச் சாக்லேட்டை உருக்குங்கள்

வீட்டில் செய்த சாக்லேட் பானம் சப்பென்று இருந்தால், கை உடனே போவது சர்க்கரை டப்பாவுக்கும் கண்டென்ஸ்டு மில்க் டின்னுக்கும்தான். இரண்டும் இனிப்பைக் கூட்டும், சாக்லேட்டைக் கூட்டாது. நாக்கில் படர்ந்து தொண்டைவரை வழுவழுவென்று இறங்கும் அந்தக் கனம், கோகோ வெண்ணெய் தருவது. வாங்கும் கட்டியிலேயே அது இல்லையென்றால் அடுப்படியில் என்ன பாடுபட்டாலும் வராது. ஆகவே இந்தச் சமையல் கடையில்தான் தொடங்குகிறது.

பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் அரைக்கிலோ கட்டியாக, மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ‘டார்க் காம்பவுண்ட்’. பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘வெஜிடபிள் ஃபேட்’ என்று இருந்தால், கோகோ வெண்ணெயின் இடத்தில் வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தக் கொழுப்புகளில் பல, உடல் சூட்டில் முழுதாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். ‘கோகோ மாஸ்’, ‘கோகோ பட்டர்’ என்று இருந்தால் அது அசல் சாக்லேட். காம்பவுண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சில் ஊற்றிப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் பிடிக்கவும், கோடையில் பிஸ்கட்டை முக்கி எடுக்கவும் அது வசதி. ஆனால் கீழே சொல்லப்போகும் எதற்கும் அது உதவாது.

உறையில் போட்டிருக்கும் சதவீதம், கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த அளவு. 70 சதவீதம் என்றால் மீதி 30-இல் பெரும்பகுதி சர்க்கரை. முதன்முறை செய்பவர்கள் 55 முதல் 60 சதவீதம் வரை வாங்கினால் போதும். கசப்பு பழகிய பிறகு 70-க்குப் போகலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. கேரளத்தின் இடுக்கியிலும் நிறைய. அந்தக் கொட்டையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, இங்கேயே அரைத்துச் சாக்லேட்டாக்கும் சிறு தயாரிப்பாளர்கள் இப்போது இருக்கிறார்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் ஒருமுறையாவது வாங்கி, ஒரு துண்டை வெறும் வாயில் போட்டுப் பாருங்கள். சாக்லேட்டிலும் பழப்புளிப்பு உண்டு என்பது அப்போது தெரியும்.

உருக்குவது

எல்லாமே இந்த ஒரு படியில் இருக்கிறது. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் சூடு 37. வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். மே மாதத்து மதுரை அடுப்படி அந்தச் சூட்டைத் தானாகவே தாண்டிவிடும். ஆக, சாக்லேட்டுக்குத் தீ அதிகம் தேவையில்லை. 50 டிகிரிக்கு மேல் டார்க் சாக்லேட்டைக் கொண்டுபோகாதீர்கள். பால் சாக்லேட்டுக்கு 45 போதும். தெர்மாமீட்டர் இல்லையா? கிண்ணத்தின் அடியை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்க முடிந்தால் சூடு சரி. கையைச் சுட்டால் அதிகம்.

சாக்லேட்டைக் கத்தியால் துருவல்போலப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். ஈரமில்லாமல் துடைத்த கிண்ணத்தை, அடி தண்ணீரில் படாதபடி அதன்மேல் வையுங்கள். சாக்லேட்டைப் போட்டு இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு மெதுவாகக் கிளறுங்கள். முக்கால்வாசி உருகியதுமே கிண்ணத்தை இறக்கிவிட்டால், மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். மூடிபோட்டு மூடவே கூடாது; மூடியில் சேரும் ஆவி சொட்டாக உள்ளே விழும்.

அந்த ஒரு சொட்டுதான் எதிரி. பளபளவென்று உருகிய சாக்லேட்டில் ஈரக் கரண்டியை விட்டால், சில நொடியில் அது திரிந்து, களிமண் உருண்டைபோல இறுகிவிடும். சாக்லேட்டில் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. கொஞ்சம் ஈரம் பட்டதும் சர்க்கரை பிசுபிசுத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் சூடாக்கினால் சரியாகும் என்று அடுப்பில் வைப்பவர்கள் கருக்கிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: இன்னும் தண்ணீர் விட வேண்டும். 100 கிராமுக்கு 25 முதல் 30 மில்லி வரை, வெந்நீரோ சூடான பாலோ கரண்டி கரண்டியாக விட்டு அடியுங்கள். இறுகியது இளகி, வழவழப்பான சாஸ் ஆகிவிடும். அச்சில் ஊற்ற அது ஆகாது. பாலில் கலக்க அருமையாக இருக்கும். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த சாக்லேட்டிலும் இதே ஆபத்து உண்டு. வெளியே எடுத்ததும் பிரித்தால் மேலே வியர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு அரை மணி நேரம் மூடியபடியே விட்டு, அப்புறம் திறங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் அது பூசணம் அல்ல. கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிந்தது. உருக்கிப் பயன்படுத்தினால் குறை ஒன்றும் இல்லை.

கரண்டியில் நிற்கும் சூடான சாக்லேட்

மத்ரித் நகரில் 1894 முதல் நடக்கும் சான் கினேஸ் கடையில் சுர்ரோஸ் என்ற நீளப் பலகாரத்தைத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்களே, அந்தக் கெட்டிச் சாக்லேட்டைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன். குடிப்பதற்கும் தொட்டுக்கொள்வதற்கும் இடைப்பட்டது.

இரண்டு பேருக்கு: பால் 300 மில்லி, நறுக்கிய டார்க் சாக்லேட் 60 கிராம், கோகோ பொடி ஒரு தேக்கரண்டி, கார்ன்ஃப்ளோர் ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் சில இடங்களில் வெள்ளைச்சோளத்து மாவையோ மஞ்சள் மக்காச்சோள மாவையோ எடுத்துத் தந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது தொட்டால் கறுக் கறுக்கென்று இருக்கும் அந்த வெள்ளை மாவு.

1. கோகோ, கார்ன்ஃப்ளோர், சர்க்கரை, உப்பு நான்கையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, ஆறிய பால் நான்கு மேசைக்கரண்டி விட்டுக் கட்டி இல்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு வடிகட்டினாலும் போகாது.

2. மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் குழைத்ததை ஊற்றுங்கள்.

3. சிம்மில் வைத்து விடாமல் கிளறுங்கள். கொப்புளம் வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை மாவு வாடை அடிக்கும்.

4. அடுப்பை அணைத்துவிட்டுச் சாக்லேட்டைப் போடுங்கள். அணைத்த பிறகுதான், மறந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் கழித்து அடியுங்கள்.

அடிப்பதற்கு விஸ்க் தேடி அலைய வேண்டாம். மெக்சிகோவில் சாக்லேட்டை நுரைக்க வைக்கும் கருவிக்கு மோலினியோ என்று பெயர். மரத்தில் கடைந்த தலை, நீண்ட காம்பு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார்கள். நம் வீட்டு மத்துதான் அது, கொஞ்சம் அலங்காரம் கூடுதல். அதற்கும் முந்தைய மாயர்கள் நுரை வருவதற்காக ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். பழைய மட்கலம் ஒன்றில் அப்படி ஒரு பெண் ஊற்றும் சித்திரமே இருக்கிறது. டபராவும் டம்ளருமாகக் காப்பி ஆற்றத் தெரிந்த கைக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று ஆற்று ஆற்றுங்கள்; நுரையோடு குடித்தால் அதே பானம் இலேசாகத் தோன்றும்.

குளிர்ந்த சாக்லேட் பாலுக்கு மட்டும் வழி வேறு. உருக்கிய சாக்லேட்டைக் குளிர்ந்த பாலில் விட்டால் கோகோ வெண்ணெய் உடனே உறைந்து பொடிப்பொடியாக மிதக்கும். இதற்குக் கோகோ பொடிதான் சரி. 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பத்தார், கோகோவை நெருக்கிப் பிழிந்து கொழுப்பின் பெரும்பகுதியை எடுத்துவிடும் முறைக்கு உரிமை பெற்றார்கள்; பிழிந்தபின் நிற்கும் சக்கையைத் தூளாக்கியதுதான் இன்றைய கோகோ பொடி. கொழுப்பு குறைவு என்பதால் குளிரில் உறையாது. 50 கிராம் கோகோ, 100 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், சிட்டிகை உப்பு சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சுத்தமான பாட்டிலில் ஊற்றிவையுங்கள். ஒரு டம்ளர் குளிர்ந்த பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

கனாஷ்

க்ரீமும் சாக்லேட்டும் சேர்ந்ததுதான் கனாஷ். விகிதத்தை மாற்றினால் பண்டமே மாறிவிடும். 200 கிராம் சாக்லேட்டுக்கு 400 மில்லி க்ரீம் என்றால் ஐஸ்க்ரீம்மேல் ஊற்றும் சாஸ். 200 மில்லி என்றால் கேக்மேல் பூசலாம். 100 மில்லி என்றால் உருட்டி ட்ரஃபிள் பிடிக்கலாம். நம் ஊர் வெயிலில் உருட்டும்போதே கையில் ஒழுகும் என்பதால், ட்ரஃபிளுக்கு நான் க்ரீமை 90 மில்லியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

கடையில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீம் இதற்குப் போதும். அதில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு. அடித்தால் பொங்கி நிற்காது, ஆனால் கனாஷுக்குக் குறையில்லை. க்ரீமைச் சூடாக்கி, ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு நடுவில் மட்டும் சிறு வட்டமாகக் கிளறத் தொடங்குங்கள். முதலில் திரிந்ததுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். நடுவில் பளபளப்பு வந்ததும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். எண்ணெய் தனியே பிரிந்துவிட்டால், வெதுவெதுப்பான பால் ஒரு தேக்கரண்டி விட்டுக் கிளறுங்கள், கூடிவிடும்.

க்ரீமுக்குப் பதில் தேங்காயின் முதல் பால் ஊற்றிச் செய்து பாருங்கள். தண்ணீர் விடாமல், அல்லது மிகக் கொஞ்சமாக விட்டுப் பிழிந்த கெட்டிப்பால். கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் ஆவி கிளம்பும்போதே இறக்க வேண்டும். 70 சதவீதச் சாக்லேட்டோடு அது சேரும் ருசியை எந்த டப்பா க்ரீமும் தருவதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

ட்ரஃபிளுக்கு: கனாஷை மூடி மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் கோகோ பொடி தடவிக்கொண்டு சீக்கிரம் சீக்கிரமாக உருட்டிக் கோகோவில் புரட்டுங்கள். வறுத்த முந்திரியைப் பொடித்தும் புரட்டலாம்.

முட்டையும் க்ரீமும் இல்லாத மூஸ்

மூஸ் என்றால் பச்சை முட்டை வேண்டும் என்று ஒதுங்கிப்போன வீடுகள் நம்மிடையே நிறைய. 1990-களில் பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் ஒரு வழி கண்டார்: சாக்லேட், தண்ணீர், பனிக்கட்டி. வேறு எதுவும் இல்லை. ஒரு சொட்டில் கெட்டுப்போன அதே சாக்லேட், போதுமான தண்ணீர் கிடைத்தால் க்ரீம்போலப் பொங்குகிறது. கொழுப்பு சிறு துளிகளாகத் தண்ணீரில் பரவி, குளிரும்போது காற்றுக் குமிழிகளைச் சுற்றி உறைந்து பிடித்துக்கொள்கிறது.

மூன்று பேருக்கு 70 சதவீதச் சாக்லேட் 110 கிராம், தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. மூன்றையும் சிறு தீயில் உருக்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாத்திரத்தில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, அதற்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, உருக்கியதை ஊற்றி அடியுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. வெறும் சாக்லேட் தண்ணீர். கை சோர்ந்துபோகும் நேரத்தில் திடீரென்று கெட்டியாகும். விஸ்க்கின் தடம் மறையாமல் நின்ற நொடியே நிறுத்துங்கள். இன்னும் நாலு சுற்று அடித்தால் மணல்மணலாகிவிடும். ஆனால் இதைப்போல மன்னிக்கும் பண்டம் கிடையாது: இறுகிவிட்டால் திரும்ப உருக்கி, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மறுபடி அடிக்கலாம். கெட்டிப்படவே இல்லையென்றால் சாக்லேட் போதவில்லை. இரண்டு துண்டு சேர்த்து உருக்கி மீண்டும் தொடங்கலாம்.

தண்ணீரில் பாதியை முதல் டிகாஷனாக மாற்றிச் செய்தால், அதுவே எங்கள் வீட்டு விருந்தின் கடைசிப் பண்டம். சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் நல்லது. சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரும் பொருந்தும். ஏலக்காயை மட்டும் தயவுசெய்து குறைத்துப் போடுங்கள். சாக்லேட்டை அது விழுங்கிவிடும்.

பரிமாறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரஃபிளோ மூஸோ, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள். கோகோ வெண்ணெய் இறுகிக் கிடக்கும், மணமும் எழாது. கோடையில் பத்து நிமிடம், மார்கழியில் இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள்.