முழுதாக ஒரு நிமிடம்

நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதய வார்டில் இரவு டூட்டி. கேஸ் ஷீட்டில் லாசிக்ஸ் 40 மில்லிகிராம் நீர் மாத்திரை, தினம் இரண்டு வேளை என்று எழுதியிருந்தது. இரண்டு வேளை என்றால் காலை எட்டு, இரவு எட்டு. எல்லா மாத்திரையையும் அப்படித்தான் கொடுத்துப் பழகியிருந்தோம். எட்டு மணிக்கு ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன். பத்து மணிக்குள் மூன்று முறை எழுந்து போனார். நள்ளிரவில் நான்காவது முறை தனியாகப் போனவர் கழிவறை வாசலில் விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். "பையன் அசந்து தூங்கறான், எழுப்ப மனசு வரலம்மா" என்றார்.

டாக்டர் எழுதியதில் தவறே இல்லை. வேளையை முடிவு செய்தது நாங்கள். வாய்வழி லாசிக்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்கு மேலும் நீரைப் பிரித்துக்கொண்டிருக்கும். முதல் வேளை காலையில் என்றால் இரண்டாவது மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அன்றிலிருந்து இரவு வேளையில் நீர் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றாமல் நான் விடுவதில்லை.

ஊசி வேறு கதை. படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் பலன் தரத் தொடங்கும் மருந்து அது. அந்த அவசரத்தில் சிரிஞ்சைச் சட்டென்று அழுத்தத் தோன்றும், அழுத்தக்கூடாது. 20 மில்லிகிராம் என்றாலும் ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய அளவு என்றால் நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பம்ப்பில் ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறனே குறையலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் ஓடுபவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். ஊசியைக் கையில் எடுக்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, யூரினலையோ பெட்பேனையோ கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மருந்து போட்டபின் தேடி ஓடினால், அதற்குள் நோயாளி கூச்சத்தில் குறுகிப் போயிருப்பார்.

நீர் எவ்வளவு வெளியேறியது என்பதற்கு இன்டேக் அவுட்புட் சார்ட்டை மட்டும் நான் நம்புவதில்லை. மகள் கொடுத்த காபி, பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த கஞ்சி எல்லாம் அதில் ஏறுவதில்லை. எடைதான் என் கணக்கு. ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஒரே தராசு, ஏறக்குறைய ஒரே மாதிரி உடை. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடச் சொல்வேன்.

இனி இதய மருந்தான டிஜாக்ஸின். இந்த மருந்தைப் பற்றித்தான் இளைய சிஸ்டர்களிடம் அதிகம் பேசுவேன், அதற்குக் காரணம் ஓர் அம்மா. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர். தினமும் லாசிக்ஸ், கூடவே டிஜாக்ஸின். மூன்று நாளாக இட்லியைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கலை போல சிஸ்டர்" என்றார் மகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் நாள் காலை, மாத்திரையோடு நிற்கும்போது அந்த அம்மா சொன்னார்: "பல்பெல்லாம் மஞ்சளாத் தெரியுது கண்ணு."

ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில் இதயத்துடிப்பு நன்றாகக் கேட்கும் இடத்தில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 46. அதுவும் சீராக இல்லை. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருந்தால் 60 என்றுகூட வந்திருக்கலாம். தாளம் தப்பிய துடிப்பில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். மாத்திரையைக் கொடுக்காமல் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் பரிசோதனைக்குப் போனது. பொட்டாசியம் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

இரண்டு மாத்திரையும் அவருக்குத் தேவையானவைதான். ஆனால் லாசிக்ஸ் நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். இதயச் செல்லில் டிஜாக்ஸின் போய் ஒட்டும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டியிடும். பொட்டாசியம் குறைந்தால் அந்த இடமெல்லாம் டிஜாக்ஸினுக்குத்தான். அதே அளவு மாத்திரை விஷமாகிவிடும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், டிஜாக்ஸின் வகை மருந்துகளின் மூலமான செடியைப் பற்றி 1785-ல் எழுதிய நூலிலேயே வாந்தியையும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவதையும், நாடி 35 வரை இறங்குவதையும் குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய எச்சரிக்கையை நான் மூன்று நாள் இட்லித் தட்டில் பார்த்தும் படிக்கவில்லை. டிஜாக்ஸின் சாப்பிடுபவர் சாப்பாட்டை ஒதுக்கினால் அதைக் குறிப்பில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பொட்டாசியத்தை டிரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றினோம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலைச் சிரிஞ்சில் எடுத்து நேராக நரம்பில் தள்ளவே கூடாது. இதயம் நின்றுவிடும். சலைன் பாட்டிலில் கலந்து, நன்றாகக் கவிழ்த்துக் குலுக்கி, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல் ஏற்ற வேண்டும். அந்த ஆம்ப்யூல்களை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. டிஜாக்ஸின் உடம்பை விட்டு இறங்க நாளாகும். அந்த அம்மா பசி என்று கேட்க மேலும் நான்கு நாள் ஆயிற்று.

லாசிக்ஸ்காரர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஸ்பைரனோலாக்டோன்காரரிடமும் அதையே சொல்லிவிடும். அது பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர் மாத்திரை. எனலாப்ரிலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். வெயில் காலத்தில் தினம் இரண்டு இளநீர் குடித்து, கைகால் சோர்ந்து, பொட்டாசியம் 6-ஐத் தாண்டி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையின் பெயரைப் பார்க்காமல் பழத்தைப் பற்றிப் பேசாதீர்கள். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். அதில் பொட்டாசியம்தான் இருக்கும். முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் பற்றியும் கேட்க வேண்டும். அது நீரைத் தேக்கி, லாசிக்ஸின் வேலையைக் கெடுக்கும்.

மற்ற இதய மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. எனலாப்ரில் தொடங்கியபின் வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து தேடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வேண்டும். நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழுவார்கள்.

அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்தபோது மகள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைய எடை. ஒரு ஞாயிறு மட்டும் வெறுமையாக இருந்தது. "அன்னைக்குக் கல்யாணம் சிஸ்டர், ஊருக்குப் போயிட்டோம்." மறுநாள் தாளில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அப்பளமும் ஊறுகாயும் எவ்வளவு என்று கேட்டேன். அம்மா மகளைப் பார்த்தார். அடுத்தடுத்த தாள்களில் எடை பழையபடி இறங்கியிருந்தது. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன்; குழி விழவில்லை.