சைக்கிள் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்



சைக்கிள் வாங்க உள்கடன் வேண்டும் என்று சில குழுக்களிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தீர்மானம் போடும் முன் எங்கள் தவறு ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நம் கூட்டமைப்பில் ஒரு குழுவைச் சேர்ந்த ஐந்து பேர், ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி சைக்கிள் வாங்கினார்கள். “அஞ்சு வண்டி எடுத்தா விலை குறைச்சுத் தர்றோம்” என்றார் கடைக்காரர். தடிமனான டயர், கியர், பளபளவென்று பச்சை நிறம். நாங்களும் கூடப் போயிருந்தோம். விலை பேசினோம், பில் வாங்கினோம், போட்டோ எடுத்தோம். ஒருவரையாவது ஏறி உட்காரச் சொல்லிப் பார்க்கவில்லை.

மூன்றே மாதம். ஒருவருக்குக் கால் தரைக்கு எட்டாததால் பயந்து விட்டுவிட்டார். பால் கேன் கொண்டுபோக வாங்கியவருக்கு வண்டியில் கேரியரே இல்லை. இன்னொருவருக்குக் கியர் ஒயர் அறுந்தது. “இதுக்கு சாமான் டவுன்லதான் கிடைக்கும்” என்று ஊர்க் கடைக்காரர் கைவிரித்தார். நான்காமவருக்குச் செயின் கவர் இல்லாத வண்டியில் சேலை சிக்கி, வேலைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு, ஆறு வாரமும் கூலி இல்லை. ஐந்தில் மூன்று வண்டிகள் பாதி விலைக்குப் போய்விட்டன. கட்டுப் போட்ட அக்கா கூட்டத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வண்டி போயிடுச்சு மேடம். தவணை மட்டும் மாசாமாசம் தவறாம வீட்டுக்கு வருது.”

பார்க்கத் தெரியாமல் கூடப் போய் நின்றது எங்கள் தவறு. அதன் பிறகு ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இரண்டு அண்ணன்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

1. முதலில் கணக்கு

வீட்டிலிருந்து வேலை செய்யும் இடம் 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 48 நிமிடம். சைக்கிளில் அவசரப்படாமல் 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். போகவர ஒரு நாளைக்கு 56 நிமிடம் மிச்சம். மாதம் 25 நாள் வேலை என்றால் 23 மணி நேரத்துக்கு மேல் உங்கள் கையில் நிற்கிறது.

2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நம்மில் பலருக்கு அது பெரிய உதவி. ஆனால் பஸ் ரோட்டிலிருந்து வீடு வரை உள்ள தூரத்துக்கும், பஸ் இல்லாத நேரத்துக்கும் வழி நாம்தான் பார்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 கொடுப்பவர் மாதம் 25 நாளுக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறார். அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டினால் எத்தனை மாதத்தில் ஒரு சைக்கிள் சொந்தமாகும் என்று உங்கள் ஊர் விலையை வைத்துக் குழுவில் கணக்குப் போடுங்கள்.

2. வேலையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்போம்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். அந்த நாட்களைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்களாம். சிலர் அதைத்தான் விரும்பியும் கேட்டார்கள். காரணம், முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! “லேடீஸ் வண்டிதானே நமக்கு” என்று அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் வேலைக்கு எது தோது என்று பார்த்தார்கள்.

நாமும் அப்படிப் பார்ப்போம். சேலை கட்டி ஓட்டுபவருக்குப் பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் ஏறி இறங்க எளிது. இதில் பெரும்பாலும் 26 x 1⅜ அளவு டயர் இருக்கும். தினமும் மூட்டை, கேன் ஏற்றுபவருக்கு 28 x 1½ டயர் உள்ள கறுப்பு கனவண்டி தாங்கும். ஆனால் உயரம் குறைந்தவருக்கு அது சிரமம். தடிமனான டயர் மணலிலும் கல் பாதையிலும் நன்றாகப் போகும். தார் ரோட்டில் அதே டயர் மிதிக்கக் கனமாக இருக்கும். எந்த அளவு வாங்கினாலும் அந்த டயரும் டியூபும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

3. ஏறி உட்காராமல் பணம் கொடுக்க வேண்டாம்

தினமும் கட்டும் உடையோடு, போடும் செருப்போடு கடைக்குப் போங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் நாள்பட முட்டி வலிக்கும். “எனக்கு மூட்டு வலி, சைக்கிள் ஒத்துக்கலை” என்று சொல்லும் அக்காக்கள் முதலில் சீட்டை ஏற்றிப் பாருங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் மட்டும் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைக்கலாம். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சீட் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது.

4. கியர் வேண்டுமா?

சமவெளியில் தினமும் நாலைந்து கிலோமீட்டர் போகிறவருக்குக் கியர் இல்லாத வண்டியே போதும். பழுது குறைவு, சாமான் எங்கும் கிடைக்கும். பெரிய ஏற்றம் உள்ள ஊர் என்றால் கியர் உதவும், ஆனால் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கியர் இல்லாத வண்டியையும் மிதிக்க எளிதாக்க முடியும். முன்னால் உள்ள பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்றால், ஒரு மிதி சுற்றுக்கு 26 அங்குல வண்டி சுமார் 5 மீட்டர் நகரும். ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றினால் சுமார் 4 மீட்டர் நகரும். வேகம் குறையும், சுமையோடு மேடு ஏறும்போது காலுக்குப் பாரம் குறையும். பால், காய்கறி ஏற்றும் சகோதரிகள் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

5. விலை பேசும்போதே கேட்க வேண்டியவை

செயின் முழுவதும் மூடும் கவர், பின் சக்கரத்துக்கு சேலை கார்டு, உறுதியான கேரியர், ஸ்டாண்டு, மணி, பூட்டு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் செலவு ஏறும். “இதெல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேளுங்கள்.

பில் உறுப்பினர் பெயரில் இருக்கட்டும். ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணைக் கடன் பதிவேட்டில் எழுதுங்கள். வண்டி தொலைந்தால் புகார் கொடுக்க அது உதவும். பில் நம் பெயரில் இருந்தால், “என் வேலைக்கு வாங்கினது, நான் போய் வந்த பிறகு நீங்க எடுங்க” என்று வீட்டில் சொல்லவும் ஒரு தெம்பு வரும்.

6. வாராவாரம் ஐந்து நிமிடம்

காற்று: கட்டைவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைவாக ஓட்டினால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும். அடிக்கடி காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று நினைக்க வேண்டாம். வால்டியூப் இற்றுப்போயிருக்கலாம், அதை மாற்றச் சில ரூபாய்தான் ஆகும்.

பிரேக்: பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வரக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் உரச வேண்டும், டயரில் பட்டால் டயர் கிழியும். தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தூக்கி எறியும், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள்.

செயின்: நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்றுவிடும். சமையல் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துப் புழுதி அப்பிக்கொள்ளும். மெஷின் ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடையுங்கள்.

சத்தம்: ஒவ்வொரு மிதிக்கும் ‘டக் டக்’ என்றால் பெடலைத் தாங்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கலாம். சக்கரம் ஆடினால் போக்ஸ் கம்பிகளைப் பார்த்துக் கோட்டம் எடுக்க வேண்டும். இந்த இரண்டும் மெக்கானிக் வேலை, தள்ளிப் போட வேண்டாம்.

மழை: இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. மெதுவாகப் போங்கள், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள். சுமையைக் கேரியரில் இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் கனமான பை மாட்டினால் வளைவில் இழுத்துவிடும்.

7. பஞ்சர் நாமே ஒட்டலாம்

ஒரு உறுப்பினர் வீட்டில், மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் ஏழு மாதமாகச் சுவரில் சாய்ந்தே இருந்தது. பின் சக்கரம் பஞ்சர். “பையன் லீவுல வந்தா கடைக்குக் கொண்டுபோவான்” என்று காத்திருந்தார். அந்த ஏழு மாதமும் ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 1,000 ரூபாய். குழுக் கூட்டத்தில் பெருக்கிப் பார்த்தபோது 7,000 வந்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு மெக்கானிக் அண்ணனை வரவழைத்தோம். அந்த அக்கா தன் வண்டிக்குத் தானே பஞ்சர் ஒட்டினார்.

முறை இதுதான். டயர் லீவரால் டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை எடுத்துக் காற்றடியுங்கள். தண்ணீரில் முக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். அது காய்ந்து பிசுக்காகும் வரை பொறுத்து, பிறகு பேட்ச் வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஒட்டாது. டியூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். குத்திய கருவேல முள் அங்கேயே இருந்தால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர். கையில் குத்தாமல் துணியை வைத்துத் தடவுங்கள்.

ஒரு பம்பு, இரண்டு டயர் லீவர், பேட்ச் பெட்டி, ஒரு ஸ்பேனர். ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக இது ஒரு செட் இருந்தால் போதும். பெட்டியும் பதிவேடும் இருக்கும் வீட்டிலேயே இதுவும் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் ஓடாமல் நிற்கும் சைக்கிள்கள் எத்தனை? எந்தப் பழுதால் நிற்கின்றன?
2. போக்குவரத்துக்கு ஒவ்வொருவரும் மாதம் எவ்வளவு செலவு செய்கிறோம்?
3. சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் யார்? அவருக்குக் கற்றுக்கொடுக்க முன்வருபவர் யார்?
4. சைக்கிளுக்குக் கடன் கொடுக்கும் முன், வாங்குபவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாரா என்று யார் உறுதி செய்வது?

நான்காவது கேள்விக்கு உங்கள் குழு எடுக்கும் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த முறை சைக்கிள் வாங்க நீங்கள் கூப்பிட்டால் நாங்களும் கடைக்கு வருவோம். இந்த முறை போட்டோவைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.