முதல் சுற்று ஆட்டத்தை எப்படித் திரும்பிப் பார்ப்பது?

ஆர்.கே.பேட்டை

அன்புள்ள பாப்பா,

ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. குறுவட்டப் போட்டியில் உங்கள் கபடி அணி முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியதை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "ஃபைனலுக்கே போகாத ஆட்டத்தை எதுக்கு மாமா திரும்பத் திரும்ப யோசிக்கணும்? மறந்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

மறந்துவிடாதே. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

2022 புரோ கபடி லீக்கில் நம் தமிழ் தலைவாஸ் ஆடியது உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். அணி 2017-இல் தொடங்கியது. முதல் நான்கு சீசன்களில் ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது முயற்சிக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்துப் பவன் செராவத்தை எடுத்தார்கள். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் ஏலத்தில் அவ்வளவு விலை போனதில்லை. அக்டோபர் 8, பெங்களூரில் குஜராத்துடன் முதல் ஆட்டம். அதிலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த சீசன் முழுக்க அவர் திரும்பி வரவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. லீக் ஆட்டம் என்பதால் ஆளுக்கு 3 புள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சமனை நினைவில் வைத்துக்கொள்.

அதன்பின் நடந்ததை நான் இன்றும் வியப்போடு நினைக்கிறேன். நரேந்தர் என்ற புதுப் பையன், அதுதான் அவருக்கு முதல் சீசன், பவன் விட்ட இடத்தில் நின்று 200-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சீசனின் நடுவே பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். அணி ஐந்தாம் இடம் பிடித்தது. அந்த சீசனில் பன்னிரண்டு அணிகளில் முதல் இரண்டு நேராக அரையிறுதிக்குப் போயின. மூன்றாவதும் ஆறாவதும், நான்காவதும் ஐந்தாவதும் எலிமினேட்டரில் மோத வேண்டியிருந்தது. தோற்றால் அன்றிரவே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

டிசம்பர் 13, மும்பை வொர்லி உள்ளரங்கம். எதிரே யு.பி. யோதாஸ், அவர்களிடம் நட்சத்திர ரெய்டர் பர்தீப் நர்வால் இருக்கிறார். நாற்பது நிமிடம் முடிந்தபோது பலகையில் 36-36. சீசனைச் சமனில் தொடங்கிய அணி மறுபடியும் ஒரு சமனில் வந்து நிற்கிறது. ஆனால் இந்தமுறை பங்கு போட்டுக்கொள்ள முடியாது, ஒருவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

டை-பிரேக்கர் விதியை உங்கள் அணியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ரெய்டு, மாறி மாறி. ஐந்து ரெய்டுக்கும் ஐந்து வேறு வேறு ஆட்கள் போக வேண்டும். மேட்டில் எப்போதும் ஏழு பேரும் இருப்பார்கள். அவுட், உள்ளே வருவது என்ற பேச்சே கிடையாது, புள்ளி மட்டும்தான் கணக்கு. ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனே போனஸ் கோடாகவும் ஆகிவிடும். ஐந்தும் முடிந்து அப்போதும் சமன் என்றால், டாஸ் போட்டு கோல்டன் ரெய்டு.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பார். நட்சத்திர ரெய்டரை ஒரே ஒருமுறைதான் அனுப்ப முடியும். மீதி நான்கு ரெய்டும் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆளுடையது. பர்தீப் மாதிரி ஒருவர் இருந்தும் யு.பி.க்கு நான்கு புள்ளிதான் கிடைத்தது. தலைவாஸ் 6-4 என்று வென்றது. முதல் ஆட்டத்திலேயே தன் பெரிய ஆளை இழந்து, மற்றவர்களை வைத்தே ஆடப் பழகிய அணிக்கு இந்த விதி துணையாக நின்றது என்பது என் முடிவு.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று தோற்றோம். கோப்பை ஜெய்ப்பூருக்குப் போனது. ஆனாலும் நம் ஊர் டீக்கடையில் 2022 பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் பேசுவது அந்த எலிமினேட்டரைத்தான்.

உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்கக் கால்பந்து பற்றிச் சொல்கிறேன். கையால் தூக்கி எறிந்து, ஏந்திக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். அவர்களுடைய பிளே-ஆஃபின் முதல் சுற்றுக்கு வைல்டு கார்டு என்று பெயர். 1993 ஜனவரி 3, பஃபலோ அணிக்கும் ஹூஸ்டனுக்கும் ஆட்டம். பஃபலோவின் முதன்மை ஆட்டக்காரர் ஜிம் கெல்லி காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்க, மாற்று ஆள் ஃபிராங்க் ரைக் இறங்கினார். மூன்றாவது கால் பகுதி தொடங்கியதுமே அவர் எறிந்த பந்தை ஹூஸ்டன் பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுக்க, கணக்கு 3-35 ஆனது. அங்கிருந்து பஃபலோ அடுத்தடுத்து ஐந்து டச்டவுன் எடுத்து முன்னிலைக்கு வந்தது. ஹூஸ்டன் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 41-38 என்று பஃபலோ வென்றது. அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் அதே பஃபலோ டல்லாஸிடம் 17-52 என்று படுதோல்வி அடைந்தது. முப்பது வருடம் கழித்தும் அவர்கள் திரும்பிப் பார்ப்பது முதல் சுற்றைத்தான்.

தோற்ற ஆட்டமும் அப்படி நிற்கும். 2014 ஐ.பி.எல். இரண்டாவது குவாலிஃபயரில் ரெய்னா 25 பந்தில் 87 அடித்தாரே, அதில் சென்னை 24 ரன்னில் தோற்றது. ஆறு ஓவரில் நூறு ரன், ஏழாவது ஓவரின் முதல் பந்தில் ரெய்னா ரன் அவுட். அந்த ஒரு ஓட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம்.

சரி, எப்படித் திரும்பிப் பார்ப்பது? நம் தறிக்காரர்கள் நெய்த சேலையை வெளிச்சத்தில் பிடித்து எந்த இழை எங்கே விட்டது என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்க்க வேண்டும். முதலில் புள்ளியை மறந்துவிடு. மேட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஒவ்வொரு ரெய்டுக்கும் எழுது. ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது போனஸை விட்டுவிட்டு வந்தீர்களா? மூன்று பேராகக் குறைந்தபோது சூப்பர் டாக்கிளுக்குத் துணிந்து பிடித்தீர்களா, பயந்து மூலைக்கு ஒதுங்கினீர்களா? இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு டூ-ஆர்-டை ரெய்டுக்கு யார் போனது, அவளை அனுப்பியது யார்? கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் தனியாக எழுது. அதையும் பிடித்தவர்களின் பக்கமிருந்து எழுது. ரெய்டரைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கண் போகும், கார்னரில் நின்றவளின் காலை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே பொங்கலுக்கு லைட் போட்டு நடக்கும் போட்டிகளிலும் நாக்-அவுட்தான். நகரி, சித்தூர் பக்கத்து அணிகள் வரும். முதல் ஆட்டத்திலேயே பாதி அணிகள் வேன் ஏறிவிடும். அவர்களில் சிலர் போகாமல் உட்கார்ந்து விடியும்வரை மற்ற ஆட்டங்களைப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். அடுத்த வருடம் அவர்கள் இரண்டாம் சுற்றில் இருப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்து உங்கள் ஆட்டத்தை நினைவிலிருந்து எழுது. தோழிகளையும் கேட்டுச் சேர்த்துக்கொள். உங்கள் ஆட்டம் சமனில் முடிந்து டை-பிரேக்கர் வந்திருந்தால், ஐந்தாவது ரெய்டுக்கு யாரை அனுப்பியிருப்பீர்கள் என்று அடுத்த கடிதத்தில் பெயரோடு எழுது. பெயர் வரவில்லை என்றால் திங்கட்கிழமை பயிற்சியை அவளைத் தேடுவதில் தொடங்குங்கள்.

அன்புடன்,
மாமா