ஓரம் வரை தவழ்ந்து போ

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய முதல் இன்ஷூரன்ஸ் சோதனை அறிக்கையைப் பார்த்தேன். பரணின் நடுவில் நின்று எடுத்த படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. கூரை சுவரோடு சேரும் ஓரத்தில் மட்டும் ஒரு படம்கூட இல்லை. ஃபுளோரிடாவின் ஆகஸ்ட் வெயிலில், இன்சுலேஷன் பஞ்சு கழுத்தில் அரிக்க, தலை தூக்க இடமில்லாத அந்த மூலைக்குத் தவழ்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் நமக்குக் காசு கொடுப்பதே அந்த மூலைக்காகத்தான்.

வீடு எடையைக் கீழே இறக்கும் கணக்குதான் நமக்குப் பழக்கம். சூறாவளி கூரையை மேலே இழுக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கூரைமேல் உறிஞ்சலும் ஏறத்தாழ அவ்வளவு என்று வைத்துக்கொள். கூரையின் மூலைகளில் இன்னும் கூடும். 10 மீட்டர் அகல வீட்டில் 2 அடிக்கு ஒன்றாக நிற்கும் ட்ரஸ் என்ற கூரைச் சட்டத்தின் ஒவ்வொரு முனையும் 3 சதுர மீட்டர் கூரையைப் பிடித்துவைக்க வேண்டும். 450 கிலோ! கூரையின் சொந்த எடையைக் கழித்தாலும் மிச்சம் லேசானதல்ல. கராஜ் கதவு பிய்ந்தால், உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவின் தெற்கு டேட் பகுதியைக் கடந்தபோது இப்படித் திறந்துகொண்ட கூரைகள் உண்டு.

ட்ரஸ்ஸைச் சுவரோடு பிணைக்கச் சாய்த்து அடித்த ஆணியைக் காற்று நீளவாக்கில் உருவிவிடும், சுத்தியலின் பின்பக்கத்தால் நாம் பிடுங்குவதுபோல. ஸ்ட்ராப் என்ற உலோகப் பட்டையின் ஆணிகளுக்கோ சுமை குறுக்கே விழுகிறது. அவ்வளவு சுலபத்தில் கழன்று வராது. ட்ரஸ்ஸின் தலைமேல் சுற்றிய பட்டையில் முன்பக்கம் 2, மறுபக்கம் 1 ஆணியாவது வேண்டும். டார்ச் அடித்து எண்ணிப் பார்.

ஒரு வீட்டில் கான்கிரீட் பீமில் புதைத்த பட்டை ட்ரஸ்ஸை விட்டுச் சற்று ஒதுங்கி நின்றது. யாரோ அதை வளைத்து ஒரே ஆணியில் முடித்துவிட்டிருந்தார்கள். பட்டை இருந்தும் கணக்கில் அது சாய்ந்த ஆணிதான். மற்ற ட்ரஸ்களெல்லாம் கச்சிதம். ஆனால் இன்ஷூரன்ஸ் படிவம் கேட்பது வீட்டின் மிகப் பலவீனமான இணைப்பை. "ஒண்ணே ஒண்ணுதானே சார்?" என்றார் வீட்டம்மா. எழுத வேண்டியதை எழுதினேன். இன்ஷூரன்ஸ் தள்ளுபடி போயிற்று. அவர் தச்சரை வரவழைத்து அந்த ஒன்றைச் சரிசெய்து, என்னை மறுபடி கூப்பிட்டார். மறுபடி தவழ்ந்தேன்.

பழைய வீடு வைத்திருப்பவர் கேட்டால், கூரை மாற்றும்போதே ஸ்ட்ராப் போடச் சொல். ஓரத்துப் பலகையைத் திறந்தால் மேலிருந்தே கை எட்டும்.

நீ படம் எடுத்த வீட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். என்னிடம் முழங்கால் உறை இரண்டு ஜோடி இருக்கிறது. போகிற வழியில் வந்து ஒன்றை எடுத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்