காய்ச்சலுக்கு முந்திய சாப்பாடு

அன்புள்ள மகளுக்கு,

ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலைக்குப் போகிறாய். லயத்தில் நீ ஏறும் முதல் வீட்டிலேயே கேட்பார்கள்: "மிஸ்ஸி, பிள்ளைக்கு நோய் அண்டாமலிருக்க என்ன குடுக்கலாம்?"

எங்கள் மாத்தளையில் சாதிக்காயும் மிளகும் வளருவதாலோ என்னவோ, இதற்கு மருந்து சொல்பவர்களுக்குக் குறைவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்த அன்றைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. நோய் ஊருக்குள் வந்த பிறகு ஒரு கரண்டிப் பாணி உடம்பைக் கட்டி எழுப்பாது.

ஆனால் சாப்பாட்டுக்கும் வைரஸ் நோய்க்கும் உள்ள உறவு மிக ஆழமானது. சின்னமுத்தை எடுத்துக்கொள். 1932இல் லண்டனில் எலிசன் என்ற மருத்துவர், அந்நோய் கண்ட 300 பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ நிறைந்த மீன் எண்ணெய் கொடுத்தார். இன்னொரு 300 பேருக்குக் கொடுக்கவில்லை. பெற்றவர்களில் 11 பேரும் பெறாதவர்களில் 26 பேரும் இறந்தார்கள். 1990இல் வெளியான கேப் டவுன் ஆய்வும் அதையே காட்டியது: விற்றமின் பெற்ற 92 பிள்ளைகளில் 2 பேர் இறந்தார்கள், பெறாத 97 பேரில் 10 பேர். இந்தச் சத்துக் குறைந்தால் சுவாசக் குழாயும் குடலும் உட்புறம் காய்ந்து காவல் இழக்கின்றன. சின்னமுத்துப் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றோட்டமும்தான்.

என்னை மிகவும் உலுக்கியது மெலிண்டா பெக் என்ற ஆய்வாளரின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வு. இதயத்தைப் பாதிக்காத ஒரு கொக்சாக்கி வைரஸ், செலீனியம் என்ற சத்துக் குறைந்த எலிகளுக்குள் போய்த் தானே மாறி, இதயத்தைச் சிதைத்தது. மாறிய அந்த வைரஸ் பிறகு நன்றாகத் தின்ற எலிகளையும் விடவில்லை. அப்படியானால் ஒரு லயத்துப் பிள்ளையின் பட்டினி அந்த வீட்டுக் கவலை மட்டுமா?

டெங்கு வேறு மாதிரி. கொழுத்த பிள்ளைக்கும் அது கடுமையாகலாம். உடற்பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது. அங்கே முக்கியம் நீராகாரம்: கஞ்சி, இளநீர், ஜீவனி. சிவப்பு, கபில நிறப் பானம் வேண்டாம்; வாந்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க விடாதே. காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்று எல்லா வீட்டிலும் சொல். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்தக் கூடாது.

மற்ற நோய்களைத் தாங்கும் பலம் அடுப்படியில் இருக்கிறது. விடியற்காலையில் கோதுமை ரொட்டி, கட்டச்சம்பல், வெறும் தேத்தண்ணி. மலையில் கொழுந்து பறிப்பவளுக்கு அதுதான் பல நாள் காலைச் சாப்பாடு. அதோடு முருங்கை இலையைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டச் சொல். கொழுப்புச் சேர்ந்தால்தான் கீரையின் விற்றமின் ஏ சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். பருப்பு, நெத்தலி, முட்டை, பப்பாளிப் பழம் போதும். விலை கூடிய சத்து மா டின் வேண்டாம். கர்ப்பிணிகள் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம், அது இரும்புச் சத்தைத் தடுக்கும். விற்றமின் ஏ மருந்தையும் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் சின்னமுத்துத் தடுப்பூசியையும் எந்தப் பிள்ளைக்கும் தவற விடாதே. எந்தக் கீரையும் ஊசிக்கு ஈடாகாது.

2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். பிள்ளைக்கென்று கொடுக்கும் திரிபோஷாவை வீடே பங்கிட்டுச் சாப்பிட்டால் தாயைத் திட்டாதே. அந்த வீட்டின் சம்பளத்தையும் கேட்டு எழுதி, பிள்ளையின் நிறையோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பு.

உன் பெரியம்மா