அப்பாவுக்குச் சர்க்கரை மட்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சில மாதங்களாக மாத்திரையைத் தள்ளிவிடுகிறார், நடைப்பயிற்சியும் நின்றுவிட்டது. கேட்டால் எரிந்து விழுகிறார். பிடிவாதமா, வேறு ஏதாவதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பிடிவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு: தினமும் ஊசி, மாத்திரை, பத்தியம் என்று வருடக்கணக்காக ஓடியதில் வரும் சலிப்பு. மருத்துவர்கள் இதை மனச்சோர்வு என்று சொல்வதில்லை. 'நீரிழிவு மன உளைச்சல்' என்கிறார்கள். மாத்திரையைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அவர் எரிந்து விழும் நேரத்தில் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் கோபம், வியர்வை, நடுக்கம் வரும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் அசதியும் மனவாட்டமும் உண்டு. எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும், மனதைச் சொல்லாது. ஆகவே டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள்.

வீட்டில் ஒரு வேண்டுகோள். "மறுபடியும் இனிப்பா?" என்ற விசாரணையை நிறுத்துங்கள். (நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி என்றால் பாதி குற்றவாளி!) சாயங்காலம் நீங்களும் கூடவே நடங்கள். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.